தொடுவதற்கு முன்

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் குடும்பம் இரண்டுக்குத்தான் பயப்படுகிறது: மயக்க மருந்துக்கும் கத்திக்கும். தியேட்டர் கதவு திறந்து, "நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று டாக்டர் சொன்னதும் குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காசு நினைவுக்கு வருகிறது. யாராவது ஒருவர் எல்லாருக்கும் காபி வாங்கப் போகிறார். மூன்றாவதாக ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் தெரிவதில்லை. அது கத்தி வைத்த அன்று வராது. தையல் பிரிக்கிற சமயத்தில் வரும். சாயங்காலமானால் லேசான காய்ச்சல், தையலோரம் ஒரு சிவப்பு, வயிற்றுக்கட்டில் ஈரம். அப்புறம் கல்ச்சர் ரிப்போர்ட் என்று ஒரு தாள்.

என் அம்மாவுக்கு வந்தது குடல் அடைப்பு. எழுபது தாண்டிய உடம்பு, பழைய சர்க்கரை. மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவோடு இரவாக வயிற்றைத் திறந்து, அழுகத் தொடங்கியிருந்த குடல் துண்டை வெட்டியெடுத்து, மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். குடல் பிழைத்தது. மேல்தையல் பிழைக்கவில்லை. சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வந்த தாளில் கிளெப்சியெல்லா என்று கிருமியின் பெயர், அதன் கீழே மருந்துகளின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எழுத்து. மருந்துக்குக் கட்டுப்படும் என்றால் ‘எஸ்’, கட்டுப்படாது என்றால் ‘ஆர்’. விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஆர், ஆர், ஆர். மற்றவை தோற்றால் எடுப்பதற்கென்று வைத்திருக்கும் மெரோபெனெமுக்கு நேரேயும் ஆர். அடியில் ஒன்றிரண்டு பெயர்களுக்கு நேரே மட்டும்தான் அந்த எழுத்து இல்லை.

கிளெப்சியெல்லா நம் குடலில் சாதாரணமாகக் குடியிருப்பதுதான். அங்கே இருக்கிறவரை தொந்தரவில்லை. திறந்த புண்ணுக்கோ ரத்தத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ இடம் மாறினால்தான் நோய். அம்மாவிடம் இருந்தது மெரோபெனெம் போன்ற மருந்துகளையே உடைத்துப்போடும் வகை. அப்படி உடைக்கிற நொதியைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வயல்காரரிடம் விதைநெல் வாங்குவதைப்போல ஒரு கிருமி இன்னொன்றிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும். வேற்று இனமாக இருந்தாலும் சரி. வசதியான இடம் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடிய உயிர்களுக்குள் நடக்கும் கைமாற்று இது.

எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். தம்பி மருத்துவமனையைச் சொன்னான். மருத்துவமனை, நோயாளியின் குடலிலேயே முன்பே இருந்திருக்கலாம் என்றது. இரண்டும் நடக்கக்கூடியதே. ஒரு நர்ஸின் கையிலிருந்தோ, கைகழுவும் தொட்டியிலிருந்தோ, கட்டில் கம்பியிலிருந்தோ வந்திருக்கலாம். இன்று இந்த நாட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடுகிறவர்களின் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருக்கின்றன. அப்படி வீட்டிலிருந்தே கூட வந்ததாகவும் இருக்கலாம். பழி சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டால் துக்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. இந்த நோய் அந்த ஆறுதலைத் தராது.

அன்று மாலையே அம்மாவைக் கோடி அறைக்கு மாற்றினார்கள். கதவில் ஒரு பலகை தொங்கியது. உள்ளே வருகிறவர்கள் வாசலில் நின்று பிளாஸ்டிக் மேலங்கி மாட்டி, கையுறை போட்டு, முகக்கவசம் இழுத்துவிட்டு வந்தார்கள். வெளியே போகும்போது எல்லாவற்றையும் கழற்றி மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு, கையில் ஸ்பிரிட் வாசனையுள்ள திரவத்தை ஊற்றித் தேய்த்துக்கொண்டு போனார்கள். அம்மா இதையெல்லாம் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் வந்துபோன பிறகு என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, என்னைத் தொட்டா எல்லாரும் தலைமுழுகுற மாதிரி பண்றாங்களே, ஏன்?"

நான் கிருமி என்று ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "வயசான காலத்துல மறுபடியும் தூரமாயிட்டேன்" என்றார்.

டெல்டாவில் பத்து ஏக்கர் நிலமும் ஆள்படையும் இருந்த வீடு எங்களுடையது. கொல்லைநடையில், நெல்குதிருக்குப் பக்கத்தில், மாதம் மூன்று நாள் அம்மா உட்கார்ந்திருந்த இடம் எனக்குத் தெரியும். பின்னால் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். தனிப் பாய், தனித் தட்டு. தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது செம்பைத் தூக்கி ஊற்றுவார்கள், கையில் கொடுக்கமாட்டார்கள். அதே வீட்டின் கொல்லை வாசலில், மாட்டுக் கொட்டகையின் இறவாணத்தில், வயல்வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். அதை அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே செருகிவிட்டுப் போகவேண்டும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீடுகளின் கொல்லைப்புறத்தில் செருகியிருந்த டம்ளர்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அம்மா இரண்டையும் அறிந்தவர். கொல்லைநடையில் உட்கார்ந்தவரும் அவர்தான், மற்ற நாட்களில் அந்த அலுமினிய டம்ளரில் எட்ட நின்று மோர் ஊற்றியவரும் அவர்தான். அந்த அறையில் கையுறைகளைப் பார்த்தபோது அவருக்குப் புரிந்த ஒரே பாஷை அதுதான்.

கிருமி வேறு, தீட்டு வேறு என்று சொல்வது எளிது. படித்தவர்கள் எல்லாரும் சொல்வோம். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே காட்சிதான்: தள்ளி நிற்கும் உடல்கள், தனிப் பாத்திரம், தொட்டபின் கழுவும் கைகள். இதில் எந்த இடத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கே நெடுநேரம் பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொடுத்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு படம்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த கைச்சுத்தத்தின் ஐந்து தருணங்கள் அதில் இருந்தன. 2009இன் வழிகாட்டி நூலில் இடம்பெற்று, இன்று உலகம் முழுக்க மருத்துவமனைச் சுவர்களில் இருக்கும் படம்தான். நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி, கட்டு போன்ற சுத்தமான வேலைக்கு முன். உடல் திரவங்கள் பட்டபின். நோயாளியைத் தொட்டபின். நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்டபின். ஐந்தில் இரண்டு ‘முன்’. அந்த இரண்டும்தான் விஷயம். தீட்டு பார்ப்பவர் தொட்டபின் மட்டுமே கழுவுவார். தீட்டென்று ஒதுக்கியவரைத் தொடுவதற்கு முன் கழுவும் வழக்கம் அங்கே கிடையாது. ஏனென்றால் தன் கையில் அழுக்கு இருக்கலாம் என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை. அழுக்கு எப்போதும் எதிரே இருப்பவரிடம். தொற்றுத் தடுப்போ முதலில் என் கையைத்தான் சந்தேகிக்கிறது. படுத்திருப்பவரை என்னிடமிருந்து காப்பாற்றச் சொல்கிறது.

இதை நிரூபித்துக் காட்டிய ஒருவர் அதற்காகவே அவமானப்பட்டார். வியன்னா பொது மருத்துவமனையில் 1847இல் இக்னாஸ் செமல்வெய்ஸ் வேலை பார்த்த இடத்தில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில்தான் பிரசவ ஜுரத்தில் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆனது. ஆனாலும் பல டாக்டர்கள் ஏற்கவில்லை. கிருமி என்ற கருத்து அன்று நிலைபெறாதது ஒரு காரணம். தாங்கள் கொன்றிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது இன்னொரு காரணம். செமல்வெய்ஸ் 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், புண் சீழ்ப்பிடித்துச் செத்தார். எந்த அடுக்கிலும் மேலே இருப்பவரின் கை சுத்தமானது என்றுதான் பொருள். அதை மறுத்துச் சொன்னவரை வியன்னாவும் தாங்கவில்லை.

நம் வார்டுகளிலும் அந்த அடுக்கு இருக்கிறது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் ஒரு படையே வரும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் வேகத்தில் கை கழுவ நினைவூட்ட யாருக்கும் துணிச்சல் வராது. ஒருநாள் காலை அப்படி ஒருவர் வந்தார். இன்னொரு அறையின் ஃபைலை மூடிக்கொண்டே நுழைந்து, அம்மாவின் வயிற்றுக் கட்டை நோக்கிக் கையை நீட்டினார். அங்கே நின்றிருந்த சின்னப் பெண், பயிற்சி முடித்து ஓராண்டுகூட ஆகியிருக்காத சிஸ்டர், ஒன்றும் பேசாமல் கட்டில் முனையில் மாட்டியிருந்த ஹேண்ட்ரப் பாட்டிலை எடுத்து அவருடைய கைக்கு நேரே நீட்டினாள். ஒரு நொடி எல்லாரும் அசையவில்லை. டாக்டர் உள்ளங்கையைக் காட்டினார். அவள் அழுத்தினாள். அவர் விரலிடுக்குகள் வரை தேய்த்து, காயும்வரை நின்று, பிறகு கையுறை போட்டுக்கொண்டு அம்மாவைத் தொட்டார். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் சிவந்திருந்தது. அவ்வளவு பேரில் அம்மாவுக்காகத் துணிந்தது அவள்தான்.

சிகிச்சை கொலிஸ்டினில் வந்து நின்றது. 1950களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது என்று பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட பழைய மருந்து. புதிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபின் மூலையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதை ஏற்றும் நாட்களில் வீட்டார் பார்க்கும் எண் காய்ச்சல் அல்ல, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின். காலையில் ரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் எண் வரும். அதற்குள் யாருக்கும் சாப்பாடு இறங்காது. எண் ஏறியது. மருந்தின் அளவைக் குறைத்தார்கள். நுண்ணுயிரியல் டாக்டரும் சிறுநீரக டாக்டரும் தொலைபேசியில் பேசிப்பேசி முடிவெடுத்தார்கள். "மருந்து பாதி வேலைதான், மீதி பாதி புண்ணைச் சுத்தம் பண்றதுல இருக்கு" என்று சர்ஜன் சொன்னது வெறும் ஆறுதல் பேச்சில்லை என்பது ட்ரெஸ்ஸிங்கின்போது தெரிந்தது. கட்டைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்த புண். மஞ்சளும் பழுப்புமாகப் படிந்ததைச் சலைன் விட்டுக் கழுவி, செத்த திசுவைக் கத்தரித்து, அடியில் ரத்தச் சிவப்பு தெரியும்வரை விடமாட்டார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையுறையைப் பிடித்திருப்பார். ரப்பருக்குள்ளிருந்து அவருடைய விரல்களின் சூடு மட்டும் தெரியும்.

இதே கொலிஸ்டின் நம் நாட்டுக் கோழிப்பண்ணைகளில் தீவனத்தில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கோழி சீக்கிரம் எடை போடுவதற்காக. கடைசி மருந்தைத் தீனியாக்குவது முறையல்ல என்று உணர்ந்து மத்திய அரசு 2019 ஜூலையில் அதற்குத் தடை விதித்தது. அதற்கு முன்னரும் எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் எழுதின. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் எச்1 பட்டியலுக்குள் வந்தன: சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். 2016இல் மாத்திரை அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். உங்கள் தெருமுனை மெடிக்கலில் போய் நின்று பாருங்கள். "ஜுரத்துக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்பவருக்கு எது வெட்டிக் கொடுக்கப்படுகிறது என்று தெரியும்.

கிருமியை மானப் பிரச்சினையாக்கினால் என்ன நடக்கும் என்பதை நாடே ஒருமுறை காட்டியிருக்கிறது. டெல்லியில் சிகிச்சை பெற்று 2008இல் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டுபிடிக்கப்பட்ட, மருந்தை உடைக்கும் நொதிக்கு நியூ டெல்லியின் பெயரை வைத்தார்கள், சுருக்கமாக என்டிஎம்-1. 2010இல் அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டிய லான்செட் குழும மருத்துவ இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. உடனே எழுந்தது தலைநகரின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கூச்சல். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். ஊர்ப்பெயரை வைத்தது சரியா என்று கேட்க நியாயமுண்டு. ஆனால் அடுத்த ஆண்டே வெளியான இன்னொரு ஆய்வில், டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அந்த நொதியின் மரபணு இருந்தது. சாக்கடையையும் குடிநீரையும் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் நாம் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட அம்மாவுக்கும் நாட்டுக்கும் அந்த இடத்தில் வித்தியாசமில்லை. அம்மாவுக்காவது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச்சொல்ல ஆள் இருந்தது.

அந்த அறைக்குள் அஞ்சாமல் வந்துபோனவர் ஆயாம்மா ஒருவர்தான். காலை, மாலை இருவேளையும் மலம் துடைத்து, விரிப்பை மாற்றி, தரையையும் கட்டில் கம்பியையும் மருந்துநீரால் துடைப்பார். "பாட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க" என்று இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் திருப்புவார். அவர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அம்மா விசாரிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் இரண்டாவது கேள்வியாக அதைக் கேட்டே பழகியவர் அம்மா. ஆயாம்மா ஒப்பந்தத் தொழிலாளி. கையுறை தீர்ந்துபோன நாட்களில் முதலில் இல்லாமல் போவது அவருக்குத்தான். ஐந்து தருணங்களைப் பற்றிய வகுப்புக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மருத்துவமனையில் கிருமி பரவுவதும் பரவாததும் பெருமளவு இவர்கள் துடைக்கும் துணியில் இருக்கிறது. அங்கே மிகக் குறைந்த சம்பளமும் இவர்களுக்குத்தான்.

உறவினர்களைத் தடுப்பது கிருமியைத் தடுப்பதைவிடக் கஷ்டம். கும்பகோணத்திலிருந்து பெரியம்மா ஹார்லிக்ஸும் சுவாமிமலை விபூதியுமாக வந்து இறங்கினார். "என் தங்கச்சியைத் தொட்டுப் பாக்க எனக்கு ஒரு டாக்டர் உத்தரவு வேணுமாடி?" என்று வாசலிலேயே சண்டை. நோயாளியைப் பார்க்க வந்து, நெற்றியில் விபூதி பூசாமல், கன்னத்தைத் தடவாமல் திரும்புவது நம்மவர்களுக்குச் செத்த வீட்டில் அழாமல் திரும்புவதற்குச் சமம். "நீங்க தொடக்கூடாதுன்னு சொல்லலை பெரியம்மா. கையைக் கழுவிட்டுத் தொடுங்க. நீங்க பஸ்ஸுல வந்த கை. அம்மாவுக்கு இப்போ அதைத் தாங்குற உடம்பு இல்லை" என்றேன். பெரியம்மா ஒரு கணம் தன் கையைப் பார்த்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தங்கையின் தலையைத் தடவினார். திரும்பும்போதும் கழுவிக்கொண்டார். வெளியே வந்து, "போறப்பவும் கழுவினேன், வர்றப்பவும் கழுவினேன். அதனால எங்க ரெண்டு பேர்ல யாரும் கொறைஞ்சுடலை" என்றார். நான் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அம்மா வீடு திரும்பினார். புண் மெதுவாகத்தான் மூடியது. சிறுநீரகம் முன்போல ஆகவில்லை. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார்: நோய் போய்விட்டது, ஆனால் அந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். அதை விரட்ட மருந்து கொடுக்கக்கூடாது. கொடுத்தால் இன்னும் மோசமாகும். வீட்டிலிருக்கும் ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் பிறகும் சமையலுக்கு முன்பும் கை கழுவினால் போதும். தனித் தட்டு வேண்டாம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது, "எனக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வச்சிடு". தம்பி மனைவி எல்லாரும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்தார். மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை. இறவாணத்தில் செருகியிருந்த பழைய டம்ளரை அவர் நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

இதை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அடுத்த மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று பயந்து பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். போகிற இடத்தில் பொதுவார்டில் படுக்கவைத்து, கேட்காத மருந்தைக் கொடுத்து இரண்டு நாட்களை வீணாக்குவார்கள். பக்கத்துக் கட்டிலுக்கும் அது போகும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளாலேயே நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் வெளியான லான்செட் கணக்கு சொல்கிறது. அந்த எண்ணில் மருந்தின் தோல்வி மட்டும் இல்லை, வெட்கத்தின் பங்கும் இருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை மறைக்காதீர்கள். ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்து, அடுத்த டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். உங்கள் மருத்துவமனையில் துப்புரவு செய்கிறவர்களுக்குக் கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் பழமும் ஹார்லிக்ஸும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள்.